சீப்புக்கு அடங்காத தலை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நாடகக் கம்பெனி, சர்க்கஸ் சமையல்கட்டு, பெண்கள் விடுதி, ஆஸ்பத்திரி என்று பிழைப்பு மாறிக்கொண்டே இருந்தது. போன இடத்திலெல்லாம் என் பெயரை மறந்தவர்கள்கூட 'அந்தச் சுருட்டை முடிக்காரி' என்று சொல்லி என்னை அடையாளம் கண்டார்கள். எனக்கு முன்னால் என் முடி போய் நின்றுவிடும். எனக்குப் பத்து வயதில் அந்த முடி என் அம்மாவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பப் பார்த்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற அளவுக்குப் பழகும் முன்பே ஊர் மாறிவிடுவேன்.

அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் ஆயுசு நூறு என்று சொல்லுவோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. அம்மாவின் அண்ணனான மாமாவுக்கும் அதே வேலைதான். இருவரும் ஒரே ஷிப்டில் ஒரே கேஜ் கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறுகிறவர்கள். மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாம்பியன் ரீப்ஸில் தனியாக ஒரு வீட்டில் இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாருக்கும் சுருட்டை முடி கிடையாது. அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே கம்பி போல் நேராக விழும். அப்பாவுக்கு அழுத்தி வாரிய நேர் கிராப்பு. மாமாவின் தலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வருஷம் தவறாமல் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார். மற்ற மாதங்களில் கீழே இருக்கிற சூட்டுக்குப் பயந்து ஒட்ட வெட்டிக்கொள்வார். எனக்குத் தெரிந்து அவர் தலையில் ஒரு விரல்கடைக்கு மேல் முடி இருந்ததில்லை. அப்பா அம்மா கல்யாணப் போட்டோவில்கூட மொட்டைத் தலையோடுதான் நிற்கிறார்.

என் தலை மட்டும் தனியாக வளர்ந்தது. சுருள் சுருளாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காலையில் எழுந்தால் தேன்கூடு மாதிரி இருக்கும். குழாயடியில் பெண்கள் அம்மாவைக் கேட்பார்கள், இதுக்கு மட்டும் எப்படி இப்படி என்று. அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவாள்: "எல்லாம் பேத்தமங்களா ஏரித் தண்ணிதான்க்கா. எல்லாரும் தான் குடிக்கிறோம். இதுக்கு மட்டும் தலைக்கு ஏறிடுச்சு." குடங்களோடு எல்லோரும் சிரிப்பார்கள். நான் அதை உண்மை என்று நம்பி, கொஞ்ச நாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்த்தேன்.

அந்த முடியை ஆளும் வித்தை அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். காய்ந்த தலையில் சீப்பை வைக்கமாட்டாள். முதலில் தண்ணீர் தொட்டு நனைப்பாள், பிறகு எண்ணெய். அகலப் பல் வைத்த மரச் சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சிக்காக விடுவித்துக்கொண்டு மேலே வருவாள். உச்சிக்கு வந்து சேர அரைமணி ஆகும். அதற்குப் பிறகுதான் பிரஷ். மேலே பறக்கிற முடியை அதால் தடவிப் படியவைத்து, இறுக்கி இரண்டு பின்னல் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரிப்பனை மீறி மறுபடியும் சுருள்கள் வெளியே வந்திருக்கும். அம்மா கோபித்துக்கொண்டதில்லை.

அந்த பிரஷ் எங்கள் லைனில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. நான் பிறக்கும் முன்பு அம்மா ஒரு வருஷம் ஆபீசர் பங்களா ஒன்றில் வீட்டு வேலை செய்திருக்கிறாள். அந்தத் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் அதுவும் ஒன்று. மரப்பிடி, வழுவழுப்பான முதுகு, அடியில் குட்டைக் குட்டையாக மயிர். எந்த மிருகத்தின் மயிர் என்று நான் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். தாய் தகப்பன் போன பிறகு அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கூழில் பாதியை அவருக்கு ஊற்றிவிட்டுத் தான் தண்ணீர் குடித்துப் படுத்தவள். அப்பா அவள் எதிரில் உட்கார்ந்து பேசமாட்டார். என் தம்பி என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை என்று அவள் வந்து இறங்கிய அன்றே லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அது உண்மையும்கூட.

இரண்டாம் நாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது என் தலையை வாரிவிட அத்தை உட்கார்ந்தாள். அவளிடம் மாட்டுக்கொம்புச் சீப்பு ஒன்று இருந்தது. பேன்கூடத் தப்பாத நெருக்கமான பல். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, உச்சியில் சொருகி ஒரே இழுப்பு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அத்தை விடவில்லை. நான்காவது இழுப்பில் சீப்பின் பல் இரண்டு உடைந்து என் தலைக்குள் போய்விட்டது. அம்மா வந்து அதைத் தேடி எடுப்பதற்குள் என் முடி குடை விரித்த மாதிரி நாலாபக்கமும் எழும்பி நின்றது. அத்தை உடைந்த சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா பிரஷ்ஷை எடுத்தாள். அது ஏது என்று அத்தை கேட்டாள். அம்மா மறைக்காமல் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் பின்னால் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை அப்பாவிடம் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நம்ம வம்சத்துல யாருக்குடா இந்தத் தல? அவ ஊட்லயும் யாருக்கும் இல்ல. பங்களாவுல வேல செஞ்சவ. பிரஷ்ஷு மட்டுந்தான் குடுத்து அனுப்புனாங்களா, இன்னான்னு யோசன பண்ணியா நீ?"

அத்தை குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. ஊரில் கேட்டால் என்ன சொல்லுவது, பங்காளிகள் வாயை எப்படி அடைப்பது என்று கொஞ்ச நேரம் புலம்பினாள். கடைசியில் தீர்மானமாகச் சொன்னாள், ஆடி மாதம் திரும்பி வருவதாக. "அதுக்குள்ள இவளையும் இவ பெத்ததையும் அவ அண்ணன் ஊட்ல கொண்டுபோய் உட்டுரு. இல்லன்னா உனக்கு அக்கா இல்லன்னு நெனச்சிக்கோ."

எனக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். மாமா வீட்டுக்குப் போகப்போகிறோம். மாமா வீட்டில் தினமும் டீக்கடை பன் கிடைக்கும். அத்தை ஊருக்குப் போன மறுநாள், அம்மா தலை வாரும்போது, மாமா வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்டாள். அத்தை சொன்னதைச் சொன்ன மாதிரியே, குரலைக்கூட மாற்றாமல் திருப்பிச் சொன்னேன். நன்றாக நடித்ததாக எனக்கு நினைப்பு. அம்மா மிச்சத் தலையை வாரி முடித்தாள். அன்று பின்னல் சொல்ல முடியாத இறுக்கம், கண் மேலே இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பிரஷ்ஷைக் காணோம். அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்தாள். என் தலைக்கு விளக்கெண்ணெய் வந்தது. பிசுபிசு என்று அப்பி, சீப்பால் மண்டையோடு வழித்து, ஈரத்துணியை இறுக்கிக் கட்டிவிடுவாள். முடி நேராகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தலை வலித்தது. விளக்கெண்ணெய் வாசனைக்குப் பயந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறிப் போனாள். துணியை அவிழ்த்த ஒரு மணி நேரத்துக்கு முடி படிந்திருக்கும். வேர்வை பட்டதும் மறுபடியும் சுருண்டுகொள்ளும்.

அப்பா யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவை அவர் திட்டவில்லை, கேள்வி கேட்கவும் இல்லை. சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார். கண் முகத்தில் நிற்காது, மேலே போய்விடும். எதிர் வீட்டில் ஒரு ஆள் என் தலையைப் பார்த்து ஆங்கிலத்தில் 'குட் மார்னிங்' என்று சொல்லி, தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் பள்ளிக்கூடத்தில் படித்தபடி 'குட் மார்னிங் சார்' என்று சொன்னேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய்விட்டார்.

அம்மா ஒருநாள் சாம்பியன் ரீப்ஸுக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னை அழைத்துப் போகவில்லை. அதோடு மாமா வருவதும் நின்றுபோனது. வாராவாரம் வந்து காராசேவு பொட்டலத்தோடு உட்காருகிறவர், நாலைந்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் ஓவர்டைம் என்றாள் அம்மா. அந்த வருஷம் அவர் திருப்பதிக்கும் போகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. லட்டு வரவில்லை என்பதுதான் குறை.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் அத்தை சொன்னபடி வந்தாள். வியாழக்கிழமை. வந்தவள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு இரவல் வாங்கித் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டாள். என்ன முடிவு என்று அப்பாவைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லுகிறேன் என்றார் அவர். அம்மா வெள்ளிக்கிழமை ஒரு தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து, என் பாவாடைகளை மடித்து உள்ளே வைத்தாள். நான் சந்தோஷமாக என் அஞ்சாங்கல்லையும் அதில் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாமா வந்தார். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். வெளியே இருந்தபடியே "அக்கா, சௌக்கியங்களா? ஊர்ல மழ உண்டா?" என்று அத்தையைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தார்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். மாமாவின் தலையில் முடி. அதுவும் சுருட்டை முடி. முன்னால் நெற்றியில் விழுந்து, காதுமேல் வளைந்து, கருகருவென்று சுருள் சுருளாக. உலகத்தில் எனக்குத் துணையாக ஒரு தலை கிடைத்த சந்தோஷத்தில் அவர் முதுகில் ஏறிவிட்டேன். வாசலில் இரண்டு மூன்று பெண்கள் கூடிவிட்டார்கள். மாமா அவர்களுக்கும் கேட்கும்படி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாம்மா தங்கச்சி, அந்த பிரஷ்ஷ எங்க வச்சிகீற? எடு. இந்த வருசம் மொட்ட போடல, நம்ம அப்பாரு மண்ட அப்பிடியே வந்து நிக்குது."

அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தாள். மாமா தலையை வாரும் உரிமை எனக்குக் கிடைத்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். மேலே பட்டும் படாமல் தடவ வேண்டும், அழுத்தக் கூடாது. நான் பூவைத் தொடுகிற மாதிரி தடவினேன். முடி லேசாக உப்பி, என் முடியைப் போலவே எழும்பியது. அதிலிருந்து ஏதோ கருகிய வாசனை வந்தது. என்ன மாமா என்று கேட்டேன். பீடி நெருப்பு பட்டுவிட்டது என்றார். ஒவ்வொரு சுருளாக விலக்கிப் பார்த்தேன். எங்கேயும் சுட்ட தழும்பு இல்லை, காயம் இல்லை. மண்டை மட்டும் வேர்த்திருந்தது.

அத்தை எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு சுருளைத் தொட்டுப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். பிரஷ் எதற்கு, சீப்பு போட்டு வாருங்களேன், நான் தருகிறேன் என்றாள்.

"ஐயோ அக்கா, இந்த முடிக்குச் சீப்பு ஆவுமா? ஏற்கெனவே ஒரு சீப்புக்குப் பல்லு போயிடுச்சாமே. பாவம், இன்னொண்ணையும் பொக்கவாய் ஆக்கணுமா?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தையின் உதட்டிலும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. ஆனால் அவள் சுலபமாக ஏமாறுகிறவள் இல்லை. கொஞ்ச நேரம் மாமாவுக்குப் பின்னால் நின்று யோசித்தாள். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னாள்.

"இன்னிக்கு சனிக்கெழம. ஆம்பளைங்க எண்ண தேச்சிக் குளிக்கிற நாளு. விருந்தாளிய வெறுந்தலையோட அனுப்புனா நல்லாவா இருக்கும்? தங்கச்சி எண்ண வைக்கட்டும். தண்ணி நான் காய வைக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வந்து மூன்று நாளாகத் தொடாத எங்கள் வீட்டு அடுப்பில் தானே சுள்ளி வைத்து ஊதினாள். பெரிய அண்டாவில் தண்ணீர் ஏறியது. அம்மா ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமா, ஆகட்டும்க்கா, என்ன அவசரம் என்று சொன்னார். கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ ஒரே உற்சாகம். தண்ணீர் பட்டால் சுருட்டை முடி இன்னும் அழகாகச் சுருளும் என்பது என் அனுபவம். மாமாவின் முடி எப்படிச் சுருளப்போகிறது என்று பார்க்கச் சொம்பை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். தண்ணீர் ஆவி விடத் தொடங்கியது.

அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, வாசற்படி ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவின் தலையைப் பார்த்தார், சாப்பிட்டார், அவ்வளவுதான். இப்போது கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தண்ணி வேணாம்க்கா."

அத்தை அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"மச்சானுக்குத் தலைல அடி. முந்தாநேத்து கீழ கல்லு உழுந்துது. எண்ண, தண்ணி ரெண்டும் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு மணி நேரமாக அந்தத் தலையைக் குடைந்துகொண்டிருப்பவள் நான். அடி எங்கே இருக்கிறது? இல்லையே அப்பா என்று ஆரம்பித்தேன். 'இல்லை' என்பதுகூட முழுதாக வரவில்லை, அம்மாவின் கை என் வாயில் அறைந்தது. எண்ணெய்க் கை. உதடு பல்லில் பட்டு உப்புக் கரித்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. சொம்பைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அத்தை அப்பாவைக் கேட்டாள்: "நீ பாத்தியாடா?"

"பாத்தேன். அடியயும் பாத்தேன். இந்தத் தலயயும் ஏழு வருசம் பாத்துகீறேன். கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பேரும் ஒரே ரூமு, ஒரே சீப்பு. மச்சான் முடி இப்பிடித்தான். மாமன் தல மருமவளுக்கு வந்துகீது. இதுக்கு மேல கேக்காதக்கா."

அவ்வளவு பேச்சு அவர் பேசி நான் கேட்டதில்லை. அத்தை எதிரில் அவர் நின்ற நிலையும் புதிதாக இருந்தது. அத்தை அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அப்பா பார்வையைத் தாழ்த்தவில்லை. அடுப்பில் ஈரச் சுள்ளி ஒன்று சீறிக்கொண்டிருந்தது. கடைசியில் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ சொன்னால் சரிதான் என்றாள். அவளிடம் வேறு பதில் இருக்க முடியாது. அந்த வாயிலிருந்து அவள் பொய்யைக் கேட்டதே இல்லை.

காய்ந்த தண்ணீர் வீணாகக் கூடாது என்று அத்தை என்னை இழுத்து உட்காரவைத்தாள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அழுகையோடு அழுகையாகத் தலைக்கு ஊற்றிவிட்டாள். பிறகு எப்படி வாருவது என்று அம்மாவைக் கேட்டாள். நுனியிலிருந்து ஆரம்பிங்க அண்ணி என்று அம்மா மரச் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். அன்று மத்தியானம் அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். மாமா சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார். வெளியே ஆடித் தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்துவிடும், கொஞ்சம் இருந்து போங்களேன் என்று அத்தை சொன்னதுதான் தாமதம், துண்டை இரண்டு சுற்றாகத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். அடுத்த வாரமே திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, லட்டோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் முடி வளர்க்கவே இல்லை.

எனக்கு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வெகுநாள் வரை இருந்த நினைவு இரண்டு மட்டும்தான். பிரஷ்ஷா சீப்பா என்ற சண்டையில் பிரஷ் ஜெயித்தது. உண்மையைச் சொல்லப் போனவளுக்கு அடி விழுந்தது.

பதினெட்டு வயதில் சேலம் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் தலை அலங்காரக்காரருக்குக் கையாளாக இருந்தேன். ராஜபார்ட் போடுகிறவருக்கு முடி நேர் முடி. திரை தூக்குவதற்கு முன்னால் கரியடுப்பில் இரும்புக் குறடைக் காய வைத்து, முடியை அதில் சுற்றிச் சுற்றிச் சுருளாக்கி எடுப்பார்கள். முதல் நாள் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த ஊசி டப்பாவைத் தவறவிட்டேன். எனக்குத் தெரிந்த வாசனை அது. அலங்காரக்காரர் என்னிடம் சொன்னார், பிரஷ்ஷால் மேலே தடவு, சீப்பு போடாதே, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் தொங்கிவிடும் என்று.

அப்போதும் ஒரு சந்தேகமாகத்தான் இருந்தது. இன்னும் பல வருஷம் போய், மாமா நெஞ்சில் கல்தூசி அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போயிருந்தேன். மொட்டை போட ஆள் இல்லாமல் முடி வளர்ந்து காதை மூடியிருந்தது. முழுக்க வெள்ளை. தண்ணீர் தொட்டு வாரிவிட்டேன். உச்சியில் வைத்த சீப்பு எங்கும் நிற்காமல் கழுத்து வரை வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வழுக்கியது. மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னா, பிரஷ்ஷு தேடறியா?" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நான் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அப்படியானால் என் முடி எங்கிருந்து வந்தது? தெரியாது. அம்மாவை நான் கேட்டதில்லை. சுற்றிய ஊர்களில் நேர்முடித் தாய்க்கும் தகப்பனுக்கும் சுருட்டைக் குழந்தை பிறந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பாட்டனார் யாருக்காவது இருந்திருக்கும். அம்மா குற்றம் செய்தவள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அப்பாவுக்கு அன்று இந்த நியாயமெல்லாம் யார் எடுத்துச் சொன்னார்கள்? ஆறு மாதமாக அவர் மனதில் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலையில், அந்த வீட்டில், அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று. ஏழு வருஷம் ஒரே சீப்பால் தலை வாரிய மச்சானின் முடி, நேர் முடி.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டது. அத்தை பக்கத்து வீட்டில் அடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார். மரச் சீப்பைக் கையில் எடுத்தார். அவர் என் தலையைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எப்படி வாருவது என்று அவருக்குத் தெரியவில்லை. உச்சியிலிருந்து இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா, நுனியிலேர்ந்து, நுனியிலேர்ந்து என்றாள். அவர் நுனிக்குப் போனார். அங்கேயும் பிய்த்தார்.

"உடுப்பா, வலிக்குது. அம்மா வாரட்டும்."

"இரும்மா. நானும் கத்துக்கணும் இல்ல?"

எனக்கு அவர்மேல் கோபம். காலையில் கண்ணெதிரே பொய் சொன்னார். அதைச் சொல்லப் போன என்னை அடி வாங்கவிட்டார். இப்போது தலையைப் பிய்க்கிறார். குழாயடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் வேறு. அவர் ஒரு பக்கத்துச் சிக்கை எடுப்பதற்குள் பொழுது போய்விடும் என்று கணக்குப் போட்டு, கையை விலக்கிவிட்டு எழுந்து ஓடினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. சீப்பில் சிக்கியிருந்த என் முடியை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எறிவதற்குத்தான் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.